மதகில் இரண்டு பூட்டு

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

டாக்ஸியில் ஏறும்போது, "இனிமே உன்கூட வாய்ப்பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா எழுது" என்றீர்கள். எழுதுகிறேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எழுத வைத்தது போதாதென்று இப்போது கொழுந்தனையும் உட்கார்த்தி எழுத வைத்துவிட்டீர்கள். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மேல்வயல் நன்றாக இருக்கிறது. மதகில் நாலு பலகையும் போட்டபடியே இருக்கின்றன. பள்ளங்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. மேட்டுப் புல்திட்டுகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. தினமும் ஒரு சுற்று போய் மதகில் அடைந்த குப்பையை எடுத்துவிட்டு வருகிறேன். என் ரப்பர் பூட்ஸில் இடது கால் ஓட்டை. ஒரு கால் நனைந்தும் ஒரு கால் காய்ந்தும் வீடு திரும்புகிறேன்.

ஈரநிலத் திட்டத்தில் பறவை எண்ணுகிறவர் மாறிவிட்டார். புதியவர் கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்குவதால் என் வீட்டுக்காரி அவருக்கு அதையே பேராக வைத்துவிட்டாள். அவர் மதகைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், ஒரு மதகுக்கு ரெண்டு பூட்டு?" என்று கேட்டார். சொன்னேன். அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேல்வயல் அண்ணனுக்கு, அண்ணன் காலமான பிறகு உங்களுக்கு; கீழ்வயல் எனக்கு. தண்ணீரை விடுவதும் அடைப்பதும் அண்ணன் தம்பி சண்டையில் முடியும் என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும். பலகைகளின் மேல் ஒரு இரும்புச் சட்டம், அதில் இரண்டு பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. இரண்டு பேரும் வந்து நின்றால்தான் ஒரு பலகையை அசைக்க முடியும்.

"நல்ல ஏற்பாடு. அந்த இன்னொரு சாவி?" என்றார்.

"அது டாக்ஸி ஏறி ஊருக்குப் போயிருக்கு" என்றேன்.

ஜூன் கடைசியில் பலகை எடுக்கும் வேலை வரும். அதற்கு முன்னால் சாவி இங்கே இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

கொழுந்தன்


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் பிழை அதிகம் இல்லை. பூட்ஸை ஒட்டுப்போடாமல் நடந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

முழங்கால் வளைகிறது, ஆனால் நான் சொல்லும்போது அல்ல, அதற்குத் தோன்றும்போது. பாப்பாவின் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. ஆகவே நான் இறங்குவதில்லை. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடித் தொட்டி தெரிகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். காலை முழுக்கத் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. நான் கைதட்டிக் கூப்பிட்டால் பாப்பா, "அம்மா, அது நம்ம தண்ணி இல்ல, விடுங்க" என்கிறாள். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் எனக்கு மதகு ஞாபகம்தான் வருகிறது.

சாவி என் கைப்பையில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

போன வருடம் அது என் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். நீ எடுத்தாய், இரண்டு பலகையைக் கழற்றினாய், வயலைக் காயவிட்டுப் புல் வெட்டு மெஷினை இறக்கினாய். நான் திரும்பி வந்து பார்த்தபோது மேல்வயல் சவரம் செய்த முகம் மாதிரி இருந்தது. ஆட்காட்டிப் பறவைகள் மட்டும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. "குஞ்செல்லாம் போயிருச்சுன்னு நினைச்சேன்" என்றாய். அந்தக் குஞ்சுகள் ஆபத்து என்றால் ஓடாது, தரையோடு படுத்துவிடும் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணனோடு சேர்ந்து நீயும்தானே அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாய்?

ஒரு உதாரணம் சொல்கிறேன், கோபப்படாதே. கரும்பலகை துடைக்கும் பஞ்சை நினைத்துக்கொள். ஈரமாக இருக்கும்வரை விரலை அழுத்தினால் உள்ளே போகும். காய்ந்தால் கட்டை. உள்ளான் குருவியின் அலகுக்கு நம் வயலும் அப்படித்தான். ஒரு பலகையை முன்னதாகக் கழற்றினால் மண் இறுகி, அது பட்டினி கிடக்கிறது. குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மேல்வயல் புல் முழுக்க வழக்கம்போல் உனக்குத்தான். இதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

ஆட்காட்டிகள் உட்கார்ந்துவிட்டன. பைனாகுலர் சார் ஒவ்வொரு கூட்டுக்கும் சற்றுத் தள்ளி ஒரு குச்சி நட்டிருக்கிறார், யாரும் மிதித்துவிடக் கூடாது என்று. எனக்கும் சேர்த்துத்தான் அந்தக் குச்சி என்று புரிந்தது. போன வருடத்துக் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால், மழை வருகிறது என்றார்கள், மாடுகளுக்குத் தீவனம் இல்லை, நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள், யாரைக் கேட்பது என்றெல்லாம் வரும். நீங்கள் அதற்கும் ஒரு உதாரணம் சொல்வீர்கள்.

வந்த விஷயம் வேறு. மார்ச் முழுக்க மழையே இல்லாததால் தண்ணீர் தானாகக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பறவைகள் அதை நம்பி, இந்த வருடம் பள்ளத்தின் ஓரத்திலேயே கூடு வைத்துவிட்டன. இப்போது ஒரு பெருமழை வந்தால் நாலு பலகை உயரத்துக்குத் தண்ணீர் ஏறும். அந்தக் கூடுகள் முழுகும். மேல் பலகை ஒன்றை மட்டும் இப்போதே எடுத்துவிட்டால், எவ்வளவு பெய்தாலும் அதிகத் தண்ணீர் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். சாவியை அனுப்புங்கள்.

கீழ்வயலில் என் புல் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. ரொம்ப வருடத்துக்குப் பிறகு இப்படி ஒரு புல். மாடுகள் வேலிக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கின்றன.

கொழுந்தன்


ஏப்ரல் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்பினேன். இரண்டாம் முறை புல்லைப் பற்றிய வரி கண்ணில் பட்டது.

மார்ச் முழுக்க மழை இல்லை என்கிறாய். மழையே இல்லாத வருடத்தில் இருக்கிற தண்ணீரையும் வெளியே விடச் சொல்கிறாய். மதகுக்குப் பக்கத்து அளவுக் கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது? கூடுகள் அதற்கு எவ்வளவு மேலே இருக்கின்றன? வானிலைக்காரர்கள் மழை என்று சொன்னார்களா, நீயாகச் சொல்கிறாயா? இதற்கெல்லாம் பதில் எழுது. பிறகு பார்க்கலாம்.

உன்னைத் திருடன் என்று சொல்லவில்லை. ஒரு தடவை சூடு பட்ட வாய், அவ்வளவுதான். மோரைக் கண்டாலும் கொஞ்சம் ஊதித்தான் குடிக்கிறது.

இந்த வாரம் லிஃப்ட் முழுக்க நின்றுவிட்டது. பாப்பா காய்கறிப் பையோடு மூச்சு வாங்கி ஏறி வருகிறாள். நான் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டால், "எந்த வீட்டுக்கு? அங்க யார் இருக்கா உங்களைப் பார்த்துக்க?" என்கிறாள். உன் பெயர் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

நேற்று முன்தினம் ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. உங்கள் கேள்விகளுக்குப் பதில்: அளவுக் கல்லில் எந்தக் கோடு என்று தெரியாது, கல்லே தெரியவில்லை.

காலையில் போன் செய்தேன். பாப்பா எடுத்தாள். "இருங்க சித்தப்பா, அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள். பின்னாலிருந்து உங்கள் குரல் எனக்கே கேட்டது. "எழுதச் சொல்லு."

சரி. எழுதுகிறேன்.

பள்ளத்து ஓரக் கூடுகளில் சில போய்விட்டன. முட்டைகள் மிதந்து வந்து மதகில் குப்பையோடு ஒதுங்கின. நான்தான் எடுத்துப் போட்டேன். மீதிக் கூடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல்கடை இருக்கும். ஒரு ஆட்காட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே காய்ந்த புல்லை இழுத்து இழுத்துத் தன் வயிற்றுக்கு அடியில் சொருகிக்கொள்கிறது, கூட்டை உயர்த்த. மழை அதன் முதுகில் கொட்டுகிறது, அது எழுந்திருக்கவில்லை. பைனாகுலர் சார் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "உடைச்சிடலாமே சார், ஒரு பூட்டுதானே?" என்கிறார். உடைக்க மாட்டேன். போன வருடம் சாவியை எடுத்தவன் என்று பேர் வாங்கினேன். இந்த வருடம் பூட்டை உடைத்தவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

சாவி. வேறொன்றும் வேண்டாம்.


ஏப்ரல் 28

தம்பி,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. சாவி இதனுள்ளே இருக்கிறது. பாப்பா கூரியர் ஆபீஸுக்குப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இது வந்து சேரும்வரை காத்திருக்காதே, பூட்டை உடை என்று சொல்லக் காலையிலிருந்து போன் அடிக்கிறோம். உன் போன் அணைந்திருக்கிறது. உன் வீட்டுக்காரியின் போனும் எடுபடவில்லை.

உடைத்துவிடு. நான் சொல்கிறேன், உடைத்துவிடு.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணிக்கு,

மழை நின்றுவிட்டது. மேல்வயலில் தண்ணீர் ஒரு பலகை உயரம் இறங்கிவிட்டது. மிச்சமிருக்கும் கூடுகள் தப்பித்தன. சாவி இனி அவசரம் இல்லை.

எப்படி இறங்கியது என்று எழுத இப்போது முடியாது. முதுகு நிமிரவில்லை, உட்கார்ந்தால் வலி, படுத்தால் வலி. என் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. அதைத் தேடப் போய் வீட்டுக்காரியின் போனும் நனைந்தது. இரண்டும் இப்போது அரிசி டப்பாவுக்குள் கிடக்கின்றன.

கொழுந்தன்


மே 4

தம்பிக்கு,

கூடுகள் தப்பித்தன என்ற வரியைப் பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் அடுத்த வரி. எப்படி என்று எழுத முடியாது.

பூட்டு இருக்கும்போது தண்ணீர் எப்படி இறங்கும்? உடைத்துவிட்டாய். என் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே. உடைக்கச் சொல்லி எழுதியவளே நான்தான், அப்புறம் என்ன வருத்தம் என்று கேட்பாய். நியாயம்தான். பறவைகள் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் பூட்டுக்கு அழுகிற கிழவி என்று உன் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். அதுவும் நியாயம்தான். ஆனால் முந்தைய கடிதத்தில்தானே "உடைக்க மாட்டேன்" என்று எழுதினாய்? அந்த வரியைப் படித்த அன்று, எனக்கு உன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அதுதான் இப்போது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

உடைத்திருந்தால் உடைத்தேன் என்று எழுது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அண்ணி


மே 10

அண்ணிக்கு,

சாவி வந்தது. அன்றே மதகுக்குப் போய், உங்கள் பூட்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பினேன். திறந்தது. பிறகு பூட்டிவிட்டேன். நான் அதைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். நம்பிக்கை இல்லாவிட்டால் பைனாகுலர் சாரைக் கேளுங்கள். அவர் எல்லாவற்றையும் போட்டோ பிடிக்கிறவர்.

கரையை வெட்டினேன்.

மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நடுவில், அண்ணன் நட்ட மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மண்வெட்டியால் வெட்டினேன். ஒரு பலகை உயரம் மட்டும்தான். அதற்கு மேல் ஆழமாகப் போனால் உங்கள் வயல் மொத்தமும் வடிந்துவிடும், பஞ்சு காய்ந்துவிடும், நீங்கள் உதாரணம் சொல்வீர்கள். தண்ணீர் வேகத்தில் மண் அரித்துப் பள்ளம் பெரிதாகாமல் இருக்க மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றிக் குறுக்கே புதைத்தேன். என் வீட்டுக்காரி மழையில் நனைந்துகொண்டே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றோம்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப சரி. மாட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லிக்கங்க."

தண்ணீர் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். கீழ்வயலுக்குள்தான் போயிற்று. இடுப்பு உயரப் புல் ஒரே நாளில் படுத்துவிட்டது. இப்போது சேறு மூடி நாற்றம் அடிக்கிறது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கின்றன. குளிர்காலத் தீவனம் போயிற்று. இரண்டு மாடுகளை விற்றுவிட்டேன். இன்னொன்றையும் விற்க வேண்டிவரும்.

இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். நீங்கள் உடைத்தாயா உடைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

ஒரு விஷயம். இப்போது குஞ்சுகள் பொரித்து, அம்மா பின்னாலேயே வரிசையாக அந்த வெட்டு வழியாகக் கீழ்வயலுக்கு இறங்குகின்றன. அந்த அழுகிய சேற்றில் புழுவும் பூச்சியும் நிறைய இருக்கிறதாம். "சார், உங்க வயல் இப்ப இவங்களுக்கு ஹோட்டல்" என்கிறார் பைனாகுலர். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் நின்று பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

கொழுந்தன்


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாப்பாவுக்கு உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். மாடுகள் என்னைப் பார்க்கின்றன என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். பிறகு, "அன்னிக்கு நீங்க போனை வாங்கிப் பேசியிருக்கலாம் அம்மா" என்றாள்.

பரீட்சை நடக்கிறபோது நான் ஒரு தப்பு செய்வேன். போன தடவை காப்பியடித்த பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் பார்ப்பேன். மணி அடிக்கும்வரை அவன் பின்னாலேயே நிற்பேன். அவன் பாட்டுக்குத் தலைகுனிந்து சொந்தமாக எழுதிக்கொண்டிருப்பான். அதற்குள் வேறு மூலையில் ஒரு பெண் மயங்கி விழுந்திருப்பாள். மற்ற பிள்ளைகள் கத்தினால்தான் எனக்குத் தெரியும். உனக்கு நான் செய்ததும் இதுதான். உன் கையையே பார்த்துக்கொண்டு மழையைப் பார்க்காமல் விட்டேன்.

என் பூட்டைக் கழற்றி எறிந்துவிடு. இனி மதகுக்கு உன் பூட்டு ஒன்று போதும். பலகையை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் உன் இஷ்டம். நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை ஆளுவது முடிகிற காரியம் இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது.

மேல்வயல் புல்லை இந்த வருடம் ஒன்று விடாமல் நீயே எடுத்துக்கொள். மூன்றாவது மாட்டை அதுவரை விற்காதே. முடியுமா?

அண்ணி


ஜூன் 26

அண்ணிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் சொன்னபடி உங்கள் பூட்டைக் கழற்றிச் சாவியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் பூட்டு ஒன்றுதான் மதகில். முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் வெயில் ஆரம்பித்தது. மேல்வயல் புல் நன்றாக வளர்ந்து நின்றது. வெட்டு மெஷின்காரர் இந்தப் பக்கம் வந்திருந்தார். "உங்க வயல் காஞ்சிருந்தா நாளைக்கே வெட்டிடலாம், விட்டா அடுத்த மாசம்தான் வருவேன்" என்றார். மூன்றாவது மாடு கொட்டகையில் கத்திக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது, ஆனால் பறக்கவில்லை. எம்பி எம்பி விழுந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு பலகை உயரம் இறக்கினால் போதும், ஓரம் காய்ந்துவிடும், ஓரத்தை மட்டும் வெட்டலாம் என்று எனக்குள்ளே ஒருத்தன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் பேசியது எல்லாமே நியாயமாக இருந்தது.

போய் மதகின் மேல் உட்கார்ந்தேன். என் பூட்டைத் திறந்தேன். சட்டத்தைத் தூக்கினேன். பலகையில் கையும் வைத்துவிட்டேன், அண்ணி.

என் வீட்டுக்காரி பின்னாலேயே வந்திருக்கிறாள். திட்டவில்லை. "அக்கா பூட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாள். என் சட்டைப்பையில் கையை விட்டு எடுத்தாள். சட்டத்தை இறக்கி, இரண்டு பூட்டையும் போட்டாள். உங்கள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு நிம்மதி. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது.

குஞ்சுகள் போன வாரம் பறந்துவிட்டன. பைனாகுலர் சார் கடைசி ஒன்றும் கிளம்பும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். மெஷின்காரர் அடுத்த மாதம் வருவார். மூன்றாவது மாட்டை விற்கவில்லை. கரையில் வெட்டிய இடத்தை மூடலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொட்டகைக் கதவு அங்கேயே கிடக்கிறது.

பலகைகளை எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. வீட்டுக்காரியோடு போய் இரண்டு பூட்டையும் திறந்து இரண்டு பலகையை எடுத்தாகிவிட்டது. பூட்டித் திரும்பி வந்து, உங்கள் சாவியை இந்த உறைக்குள் வைக்கிறேன். அது உங்களிடமே இருக்கட்டும். அந்தப் பூட்டைப் பறவைகளுக்கு என்று நினைத்திருந்தீர்கள், உங்களுக்கு என்றும் நினைத்திருப்பீர்கள். அது எனக்குத்தான் வேண்டும். தனியாக என்னால் முடியாது.

இரண்டே நிபந்தனை. மழை என்று நான் சொன்னால் அது மழைதான். போன் அடித்தால் நீங்களே எடுங்கள், எழுதி எழுதி என் விரல் மரத்துவிட்டது.

கொழுந்தன்